வண்டியை எங்கே நிப்பாட்டுகிறோம்?

தென்னை மரத்தடியில் வண்டியை நிறுத்தினால் நிழல் கிடைக்கும். பின்னாலேயே எறும்பும் வரும். காரணம் தேங்காய் அல்ல, ஓலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் படலமாக ஒட்டிக் கிடக்கும் வெள்ளை ஈ. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்று வேளாண்துறைக்காரர்கள் சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த இந்தப் பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது. இன்று மணிமுத்தாற்றுத் தோப்புகளிலும் அண்ணாந்து பார்த்தால் தெரிகிறது.

ஓலைச் சாற்றை உறிஞ்சிவிட்டு, இனிப்பான பிசினைச் சொட்டிக்கொண்டே இருக்கும் பூச்சி அது. பிசின் வண்டிக் கூரையில் விழும். அதன்மேல் கரும்பூசணம் படரும். இனிப்பைத் தேடி எறும்பு சாரை சாரையாக ஏறும். கூரைக்கு வந்துவிட்ட எறும்பு ஜன்னல் ரப்பரின் இடுக்கு வழியாக உள்ளே இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? மரத்துக்கு மருந்து அடிப்பதையும் வேளாண் பல்கலைக்கழகம் வேண்டாம் என்கிறது. அந்த ஈயை உள்ளிருந்தே தின்று தீர்க்கும் என்கார்சியா என்னும் சிறு குளவி மருந்தில் செத்துப்போகும். ஆகவே நாங்கள் கூரையைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, வண்டியை ஓலை நிழலுக்கு வெளியே நகர்த்தி நிறுத்துவோம். எறும்பு வரத்து நின்றுவிடும்.

வண்டியிலேயே குடியிருக்கிறவர்களுக்குப் பூச்சித் தொல்லை மருந்தால் தீர்வதைவிட, வண்டி நிற்கும் இடத்தாலும் வண்டிக்குள் ஏற்றும் பொருளாலும் தீர்வதுதான் அதிகம். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் திருவிழாக்களுக்குப் போய் மிட்டாய்க் கடை போடுகிறவர்கள். கருப்பட்டி மிட்டாய், சீனி மிட்டாய், காராச்சேவு, பேரீச்சம்பழம். ஆனியில் நெல்லையப்பர் தேர், ஆடியில் சங்கரன்கோவில் தபசு, ஆகஸ்டில் தூத்துக்குடி பனிமய மாதா, பிறகு குலசேகரன்பட்டினம் தசரா, மாசியில் திருச்செந்தூர். வியாபாரம் இல்லாத வாரங்களில் அயன் சிங்கம்பட்டிப் பக்கம் என் தாய்மாமா தோப்பில் நிற்போம். தனியாக வீடு என்று கிடையாது. பழைய டெம்போ டிராவலரில் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பின்பாதியில் சரக்கு, முன்பாதியில் படுக்கை, நடுவில் அடுப்பு என்று ஆக்கிக்கொண்டோம்.

இப்படி வாழ்வதை அமெரிக்காவில் ஆர்.வி. வாழ்க்கை என்கிறார்கள். ஓய்வுபெற்றவர்கள் பலர் வீட்டை விற்றுவிட்டு அதிலேயே சுற்றுகிறார்களாம். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலா என்று ஒன்றை அறிவித்தது. நம் பக்கத்தில் இது சுற்றுலா அல்ல, பிழைப்பு. அறுவடை மெஷினோடு ஆத்தூர்ப் பக்கமிருந்து வருகிற பையன்கள், நாமக்கல் லாரி ஓட்டுநர்கள், ராட்டினம் போடுகிறவர்கள், எங்களைப் போன்ற திருவிழாக் கடைக்காரர்கள் எல்லாம் மாதக்கணக்கில் வண்டியில்தான் தூங்கி எழுகிறோம். கல்யாணத்துக்கு முன்பு அம்பாசமுத்திரத்தில் விலங்கியல் படித்தேன். அந்தப் படிப்பு எனக்கு வண்டியில்தான் கைகொடுத்தது.

ஆனாலும் முதல் பாடம் கல்லூரியில் கிடைக்கவில்லை. ராட்டினக்கார ஆச்சி ஒருத்தி சொன்னது: "ஏட்டி, மருந்த பெறவு அடிக்கலாம். வண்டிய எங்க நிப்பாட்டியிருக்கேன்னு மொதல்ல எறங்கிப் பாரு."

இறங்கிப் பார்ப்பது என்றால் இதுதான். மாமரம் என்றால் இலைகளைச் சேர்த்துத் தைத்த முசுறுக் கூடு இருக்கிறதா, உயரத்தில் கதண்டுக் கூடு இருக்கிறதா, குப்பைமேடும் சாக்கடையும் எந்தப் பக்கம், எருக்குழி எவ்வளவு தூரம். எருக்குழியில் வளரும் காண்டாமிருக வண்டு ராத்திரி விளக்குக்கு வந்து தகரத்தில் மோதினால் தூங்க முடியாது. புதர் வண்டியை உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உரசும் ஒவ்வொரு கிளையும் எறும்புக்குப் பாதை. துணி காயப்போடும் கொடி, கரண்டு ஒயர், தண்ணீர்க் குழாய் எல்லாம் அப்படித்தான். கொடியின் ஒரு முனையை மரத்திலும் மறுமுனையை வண்டியிலும் கட்டமாட்டோம். இரண்டு முனையும் மரத்திலேயே இருக்கும். ஒயர் வண்டிக்குள் நுழையும் இடத்தில் கிரீஸ் தடவிய துணியைச் சுற்றிவிடுவேன்.

அதையும் மீறி எறும்பு வந்துவிட்டால் கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் போதும். நூறு மில்லி தண்ணீரில் பத்து கிராம் சீனி, ஒரு கிராம் பவுடர். அதில் பஞ்சை நனைத்து, எறும்பு வரும் வழியில், வண்டிக்கு வெளியே வைக்க வேண்டும். வேகமாக வேலை செய்யட்டும் என்று பவுடரைக் கூட்டினால், குடித்த எறும்பு பாதி வழியிலேயே செத்துவிடும். மெதுவாக வேலை செய்தால்தான் அது கூட்டுக்குப் போய் மற்றவற்றுக்கும் ஊட்டும். குழந்தையும் நாயும் எட்டாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும். எறும்புச் சாக்கட்டியில் இருப்பதும் பூச்சிமருந்துதான். சாப்பாட்டுப் பாத்திரம் வைக்கும் பலகையில் அதால் கோடு போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும்.

கரப்பானில் இரண்டு வகை. சாக்கடையிலிருந்து வரும் பெரியதை அடித்துவிடலாம். வண்டியைப் பிடித்தால் விடாதது சின்ன வகை, கழுத்துப் பட்டையில் இரண்டு கறுப்புக் கோடு உள்ள ஜெர்மன் கரப்பான். முட்டைப்பையை வயிற்றோடு சுமந்து திரிந்து, பொரிக்கும் நேரத்தில்தான் தாய் அதைக் கழற்றும். ஒரு பையில் முப்பது நாற்பது குஞ்சுகள். இது தெருவிலிருந்து நடந்து வருவதைவிட அட்டைப்பெட்டியில் வருவதுதான் அதிகம். மொத்தக் கடையிலிருந்து வரும் எந்த அட்டைப்பெட்டியும் எங்கள் வண்டிக்குள் ஏறாது. வெளியே வெயிலில் பிரித்து, சரக்கை மூடி போட்ட தகர டின்னுக்கு மாற்றிவிட்டு, அட்டையை அங்கேயே விட்டுவிடுவோம். ஜெர்மன் கரப்பான் சோறில்லாமல் ஒரு மாதம்கூடத் தாங்கும், தண்ணீரில்லாமல் இரண்டு வாரம் தாங்குவதே கஷ்டம். அதனால் ராத்திரி படுக்கும்முன் பாத்திரம் கழுவும் தொட்டியைத் துணியால் துடைத்துக் காயவிடுவேன். கரித்துணியைப் பிழிந்து வெளியே போடுவேன். குடத்தை மூடுவேன். வண்டி வீட்டில் கரப்பானுக்கு எதிராக இந்த வறட்சிக்கு ஈடாக ஒரு மருந்தும் இல்லை.

அரிசி டின்னில் வண்டு விழுந்தால், வேளாண் பல்கலைக்கழகம் கண்டுபிடித்த துளைக்குழாய்ப் பொறியைச் செருகி வைத்தால் போதும். வண்டு காற்றைத் தேடிப் போகும் குணமுள்ளது. துளை வழியாகக் குழாய்க்குள் நுழைந்து அடியில் விழுந்துவிடும். வாரத்துக்கொரு முறை கொட்டிவிடலாம்.

இனி மூட்டைப்பூச்சி. வண்டியில் வாழ்கிறவர்கள் வெட்கப்பட்டு மறைப்பது இதைத்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2023 இலையுதிர்காலத்தில் பாரிஸ் நகரமே மூட்டைப்பூச்சியால் அலறியது. அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதற்கு வேண்டியது ரத்தமும் ஒளிய ஓர் இடுக்கும். பக்கத்துக் கடைக்காரர் ஒரு ராத்திரிக்கு வாங்கிய போர்வை, பழைய சாமான் கடையில் வாங்கிய மெத்தை, சாக்கு ஆகியவற்றோடு அது வண்டி ஏறும். ஏறிவிட்டால் ரத்தமில்லாமலே மாதக்கணக்கில் காத்திருக்கும். நாங்கள் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் அது அங்கேயே இருக்கும்.

மருந்து அடித்தால் என்ன ஆகும்? டி.டி.டி. வந்த புதிதில் மூட்டைப்பூச்சிக் கதை முடிந்தது என்றுதான் உலகம் நினைத்தது. 1947-லேயே ஹவாயில் பேர்ல் ஹார்பர் படைவீடுகளில் டி.டி.டி.க்குச் சாகாத மூட்டைப்பூச்சியைக் கண்டார்கள். இன்று கடையில் விற்கும் பைரெத்ராய்டு ஸ்பிரேக்களுக்கும் பல நாடுகளில் அது பழகிவிட்டது. சாகாத பூச்சி மருந்து வாடைக்குச் சிதறி இன்னும் ஆழமான இடுக்குக்குள் போய்விடும். நாமோ அந்த மருந்துக்குள் மூச்சுவிட்டுப் படுத்திருப்போம். வீடு என்றால் அடுத்த அறைக்குப் போகலாம். வண்டியில் அடுத்த அறை எது?

பால்கன் நாடுகளில் அந்தக் காலத்துப் பெண்கள் கட்டிலைச் சுற்றிப் பீன்ஸ் இலையைப் பரப்பிவிட்டுப் படுப்பார்களாம். காலையில் மூட்டைப்பூச்சி ஒட்டிய இலைகளை அள்ளி எரித்துவிடுவார்கள். 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இலையில் உள்ள கொக்கி போன்ற மயிர்கள் பூச்சியின் காலைக் குத்திப் பிடித்துக்கொள்வது தெரிந்தது. அந்தப் பெண்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. யாரும் பாடம் நடத்தாமல், ராத்திரியில் விழித்திருந்து கவனித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நம்மிடம் இருப்பது வெயில். அக்னி நட்சத்திர நாட்களில் திருநெல்வேலிச் சீமையில் மூடிய வண்டியின் உள்சூடு 50 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். மூட்டைப்பூச்சி சுமார் 48 டிகிரியில் சாகும். முட்டைக்குத்தான் பொறுமை வேண்டும். அதே 48 டிகிரியில் முட்டை சாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், 55-ஐத் தொட்டால் உடனே முடியும். கேஸ் சிலிண்டர், லைட்டர், ஸ்பிரே டப்பா, மாத்திரை மருந்து, மிட்டாய்ச் சரக்கு எல்லாவற்றையும் முதலில் இறக்கிவிட வேண்டும். இதில் கவனக்குறைவுக்கு இடமே இல்லை, சூட்டில் வெடிக்கும் அல்லது கெட்டுப்போகும் பொருட்கள் இவை. பிறகு படுக்கைப் பலகையைத் தூக்கி நிறுத்தி, துணிகளைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் தளர்வாகப் போட்டு வெயிலில் வைத்து, எல்லாக் கண்ணாடியையும் ஏற்றி, உச்சி வெயிலில் வண்டியை நட்ட நடுப் பொட்டலில் விட வேண்டும். கம்பி நீட்டிய வெப்பமானி ஒன்றை மெத்தை மடிப்புக்குள் செருகிவைத்துப் பார்ப்பது முக்கியம். கூரைப்பக்கம் 60 காட்டும்போது மடிப்புக்குள் 42-தான் இருக்கும், பூச்சி அங்கேதான் இருக்கும். மடிப்புக்குள் 50 வந்த பிறகு இரண்டு மணி நேரம் விடுவேன். அடுத்த நாளும் அப்படியே.

பஞ்சு மெத்தையை நாங்கள் விட்டுவிட்டோம். இப்போது பத்தமடைக் கோரைப்பாய்தான், விருந்தாளிக்கு விரிக்கும் பட்டுப்பாய் இல்லை, அன்றாடத்துக்கான முரட்டுப்பாய். உதறலாம், வெயிலில் நிறுத்தலாம், ஓரத் தையலை ஒரே பார்வையில் சோதிக்கலாம். ஒளிய இடம் குறைந்தால் கண்டுபிடிக்கும் நேரமும் குறையும். அதுவே பாதி வெற்றி.

கொசுவர்த்தியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். 2003-இல் வந்த ஓர் ஆய்வு, ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுக்க எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்றது. அது சாதாரண அறைக்கான பேச்சு. கதவடைத்த வேனுக்குள், பச்சைப்பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சுருளைக் கொளுத்தித் தூங்குகிற தம்பதிகளை ஒவ்வொரு திருவிழாவிலும் பார்க்கிறேன். நொச்சிப் புகை, வேப்பிலைப் புகை இயற்கையானவை என்கிறார்கள். நுரையீரலுக்கு எல்லாம் புகைதான். சாயங்காலம் ஆள் இல்லாதபோது புகை போட்டு, கதவைத் திறந்து விரட்டிவிட்டு, பிறகு வலையைக் கட்டிக்கொண்டு படுக்கலாம். ஜன்னலுக்கு வலையை வெல்க்ரோ வைத்து ஒட்டினால் கழற்றித் துவைக்கவும் வசதி. அதோடு பன்னிரண்டு வோல்ட் மின்விசிறி. கொசு வலுவாகப் பறக்கத் தெரியாத பூச்சி, நேராக அடிக்கும் விசிறிக் காற்றை எதிர்த்து அதால் வரமுடியாது. கடையில் பேரீச்சம்பழக் குவியலுக்கு மேல் நாங்கள் விசிறி வைப்பதும் இதே காரணத்துக்குத்தான், ஈ இறங்காது.

பகலில் கடிக்கும் டெங்குக் கொசு வேறு கதை. 2012-இல் திருநெல்வேலி மாவட்டத்தை டெங்கு எப்படி ஆட்டிவைத்தது என்பதைக் கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். சிரட்டை, டீக் கப், ஸ்டெப்னி டயர், தார்ப்பாய் மடிப்பு எங்கெல்லாம் மழைத்தண்ணீர் தேங்குமோ அங்கெல்லாம் இது முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தே உயிரோடு இருக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். வண்டிக்காரர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஆசியாவின் புலிக்கொசு 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் வேரூன்றியது பழைய டயர் வியாபாரத்தின் வழியாகத்தான் என்று சொல்கிறார்கள். குலசையில் ஏறிய முட்டை எங்கள் வாளியின் சுவரில் ஒட்டிக்கொண்டு சிங்கம்பட்டியில் பொரிக்கலாம். ஆகவே வாளியைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உள்பக்கத்தைத் தேங்காய் நார் வைத்துத் தேய்க்க வேண்டும்.

பிசானப் பருவத்தில் வயலோரம் நின்றால் விளக்குதான் பிரச்சினை. ராத்திரி வெள்ளை விளக்கைப் போட்டால் தத்துப்பூச்சியும் வண்டும் மொய்த்துவிடும். பூச்சிக்கு விளக்கு மேல் ஆசை என்றுதான் படித்தோம். 2024 ஜனவரியில் வந்த ஆராய்ச்சி வேறு சொல்கிறது. ராத்திரியில் வெளிச்சமான பக்கம் வானம், அதுவே மேல் என்று எடுத்துக்கொண்டு முதுகை அதற்குக் காட்டிப் பறப்பது பூச்சியின் இயல்பு. பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால் மேல் எது, கீழ் எது என்று தெரியாமல் அதையே சுற்றி மாட்டிக்கொள்கிறது. மஞ்சள் எல்.இ.டி.க்கு வெள்ளையைவிடக் குறைவாகவே வரும். விளக்கைக் கதவுக்கு மேலே மாட்டாமல் பத்தடி தள்ளி ஒரு கம்பில் மாட்டினால், வருவதும் அங்கேயே நிற்கும்.

அப்படி வருவதில் ஒன்றை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எறும்பைவிடக் கொஞ்சம் நீளமான, கறுப்பும் ஆரஞ்சும் மாறிமாறி வரும் மெல்லிய வண்டு. பெடரஸ் என்று பெயர். வயலில் புகையானைத் தின்னும், விவசாயிக்கு நண்பன். கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்கிறதே என்று தேய்த்து நசுக்கினால்தான் அதன் உடம்பில் உள்ள நஞ்சு தோலில் பட்டு, ஒன்றிரண்டு நாளில் தீக்காயம் மாதிரி கொப்பளிக்கும். அக்கி என்று நினைத்து மண் பூசுகிறவர்கள் உண்டு. ஊதிவிட வேண்டும். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்தக் கையால் கண்ணைத் தொடக்கூடாது.

மலையடிவாரத்துப் புதரில் பூச்சி இனத்தைச் சேராத ஒன்றும் உண்டு. கண்ணுக்கே தெரியாத உண்ணியின் குஞ்சு. அது கடித்தால் வருவது ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் அடிக்கும், அக்குள், இடுப்பு போன்ற மறைவான இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். டாக்டரிடம் "புதர் ஓரம் வண்டியில் படுக்கிறவங்க நாங்க" என்று நாமே சொல்ல வேண்டும். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

வண்டியின் ஓட்டைகளைத் தேடி வருகிறவை குளவியும் சிலந்தியும். 2011-இல் மாஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. மஞ்சள் சிலந்தி ஒன்று பெட்ரோல் டாங்கின் காற்றுக்குழாயில் வலை பின்னி அடைத்ததுதான் காரணம். 1996 பிப்ரவரியில் டொமினிகன் குடியரசுக்கு அருகே கடலில் விழுந்து 189 பேரைப் பலிகொண்ட விமானத்திலும், வேகம் காட்டும் குழாயைக் குளவியின் மண்கூடு அடைத்திருக்கலாம் என்றே சந்தேகித்தார்கள். எங்கள் வண்டியில் நான் பயப்படுவது அடுப்புக் குழாயைத்தான். இரண்டு வாரம் பற்றவைக்காமல் கிடந்த அடுப்பு மஞ்சளாக எரிந்தாலோ, பின்பக்கம் தீ தெரிந்தாலோ உடனே சிலிண்டரை மூடிவிட வேண்டும். பர்னருக்குக் கீழேயுள்ள குழாயில் வலையோ மண்கூடோ இருக்கும். குழாயைக் கழற்றி பிரஷ் விட்டுச் சுத்தம் செய்த பிறகே பற்றவைக்கலாம். மரவட்டைக்குக் கூடப் பயப்படுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மருந்து என்ற பேச்சே எடுக்கக் கூடாத இடமும் உண்டு. மணிமுத்தாறு வனச் சோதனைச் சாவடிக்கு மேலே இருப்பது 1988-இல் உருவான களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். காரையாறு சொரிமுத்தையனார் கோவிலும் அந்தக் காட்டுக்குள்தான். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்குகிற கூட்டத்தை வனத்துறை இப்போது நாள் கணக்கில் கட்டுப்படுத்துகிறது. நான் அதை ஆதரிக்கிறேன். ஒரு டப்பா ஸ்பிரே அடித்தால் நம் கொசு மட்டுமா சாகும்? அந்த ஆற்றில் மீன் தின்னும் பூச்சி, பறவை தின்னும் பூச்சி எல்லாம் அதே மருந்தில் சாகும். அங்கே நாம்தான் வேண்டாத விருந்தாளி.

ஊருக்குள் நடக்கும் திருவிழாவில் ஒரு குறை எனக்கு உண்டு. தரைக்கடைக்கு ஏலம் எடுத்தவர் எங்களிடம் அடிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிறார். கடைக்கு இடம் அளந்து கொடுப்பார், வண்டிக்கு மட்டும் எங்கேயாவது போட்டுக்கொள் என்பார். அந்த எங்கேயாவது பெரும்பாலும் குப்பை கொட்டும் மூலையாகவோ சாக்கடை ஓரமாகவோதான் இருக்கும். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வாரக்கணக்கில் அங்கே தூங்குகின்றன. வெயில் காலத்தில் ஈ ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாகிவிடும். அதனால் பத்து நாள் திருவிழாவில் முதல் நாள் குப்பை, கடைசி நாள் மிட்டாய்த் தட்டில் ஈயாக வந்து உட்காருகிறது. வாங்கித் தின்பது ஊர்ப் பிள்ளைகள்தான்.

ஏலக் குறிப்பிலேயே இதை எழுதிவிட முடியும். வண்டிகளுக்கு மேடான, தண்ணீர் தேங்காத ஓர் இடம், அங்கே ஒரு குடிநீர்க் குழாய், கழிப்பறை, ராத்திரி கடை சாத்தியதும் குப்பை அள்ள ஒரு டிராக்டர். இதற்கு ஆகும் செலவைத் தரை வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் தருகிறோம். வரும் சித்திரையிலிருந்தாவது ஏதேனும் ஒரு பேரூராட்சி தொடங்கினால் எங்கள் வண்டி முதலில் அங்கே வரும்.